ஈரத் தளத்தில் கார்ட்லெஸ் டிரில்: கைவேலைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் பழுதுவேலை சூடுபிடிப்பது அந்த நாள்களில்தான். மீன் அறை மூடிக்குக் கீல் மாற்ற வேண்டும், கேபினில் இற்றுப்போன பலகையைப் பெயர்த்துப் புதிது அடிக்க வேண்டும், விளக்குக்கும் ஜி.பி.எஸ். கருவிக்கும் தாங்கி பொருத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் துளை வேண்டும், திருகு முடுக்க வேண்டும். கரையிலிருந்து படகுக்கு வயர் இழுத்துச் செய்த வேலையை இன்று பலரும் கார்ட்லெஸ் டிரில்லில் முடிக்கிறார்கள்.

இந்த மாற்றத்தை முழு மனதோடு வரவேற்கிறேன். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். உப்புத் தண்ணீர் நின்ற தளம், வியர்த்த உடம்பு, வெறுங்கால், நடுவில் டேப் சுற்றிய எக்ஸ்டென்ஷன் வயர் என்று நான்கும் சேர்ந்தால் ஆளைக் கொல்ல ஒரு நொடி போதும். இரும்புப் படகென்றால் ஆபத்து இன்னும் கூடுதல். கார்ட்லெஸ் டிரில்லின் பேட்டரி 12 அல்லது 18 வோல்ட்தான், தரையில் வயரும் கிடையாது. ஈரமான இடத்தில் வேலை செய்கிறவர் முதலில் வாங்க வேண்டிய கருவி இதுதான் என்பேன்.

ஆனால் ஷாக் அடிக்காது என்ற தைரியத்தில் மற்ற ஆபத்துகளை மறந்துவிடுகிறோம். மணிக்கட்டு பிசகுவது, கண்ணில் தூள் தெறிப்பது, விரலில் பிட் இறங்குவது, பேட்டரி தீப்பிடிப்பது எல்லாமே இந்தக் கருவியிலும் நடக்கும். வேலையும் கெடும். திருகின் தலை தேயும், மரம் பிளக்கும், ஃபைபர் சிதறும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே காரணம்தான்: கருவியின் மீதுள்ள மூன்று கட்டுப்பாடுகளை, அதிலும் குறிப்பாக கிளட்ச் வளையத்தை, நம்மில் பலர் தொடுவதே இல்லை.

வளையம் எதற்கு இருக்கிறது

பிட்டைக் கவ்வும் சக்குக்குப் பின்னால் 1, 2, 3 என்று எண் போட்ட வளையம் ஒன்று இருக்கும். எண்கள் 15 வரையோ 20 வரையோ போகும். முடிவில் ஒரு டிரில் பிட் படம். படத்தில் வைத்தால் மோட்டாரின் முழு பலமும் பிட்டுக்குப் போகும். எண்ணில் வைத்தால், திருகு அந்த அளவு இறுகியதும் உள்ளே கிளட்ச் நழுவி ‘டக்டக்டக்’ என்று சத்தம் கேட்கும், பிட் சுற்றுவது நின்றுவிடும். கருவி கெட்டுவிட்டதோ என்று புதியவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயப்படுவார்கள். வேலை முடிந்தது என்று கருவி சொல்லும் சத்தம் அது.

மீன் அறை மூடியில் ஒரு பையன் கீல் பொருத்துகிறான் என்று வைத்துக்கொள்வோம். பித்தளைத் திருகு. முதல் திருகு இறங்கியதும் தலை அறுந்து கையோடு வந்துவிட்டது.

“தம்பி, ரிங்கு எங்க இருக்கு பாரு.”

“டிரில் படத்துல இருக்குண்ணே.”

“அதான் அறுந்துச்சு. பித்தளைக்கு அவ்வளவு பலம் தாங்காது. 4-க்குக் கொண்டா. டக்டக்குன்னு கேட்டும் திருகு வெளிய நீட்டிக்கிட்டிருந்தா 5-க்குப் போ, அப்புறம் 6. தலை பலகையோட சமமா உட்கார்ற நம்பர் கிடைச்சதும் மிச்ச திருகெல்லாம் அதே நம்பர்தான்.”

கிளட்சின் பாடம் முழுக்க இவ்வளவே. சிறிய எண்ணில் தொடங்கி மேலே ஏறுங்கள், பெரிய எண்ணிலிருந்து கீழே இறங்காதீர்கள். மாடுலர் கிச்சனில் வரும் பார்ட்டிகிள் போர்டுக்கு 3, 4 போதும். தேக்கு, வேங்கைக்கு 12-க்கு மேல் போக வேண்டியிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி இந்த எண்கள் மாறும் என்பதால் புதுக் கருவி வாங்கியதும் வீணான பலகைத் துண்டில் பத்துத் திருகு போட்டுக் கை பழகுங்கள். வேறொருவர் கருவியை இரவல் வாங்கினாலும் இதையே செய்யுங்கள்.

மேலே உள்ள 1, 2 பட்டன் கியருக்கானது. 1-ல் வேகம் குறைவு, பலம் அதிகம். திருகு முடுக்கவும், இரும்பில் துளை போடவும், பெரிய துளைக்கும் இதுதான். 2-ல் வேகம் அதிகம். மரத்தில் சிறிய துளைக்கு உதவும். ஓடும்போது கியரை மாற்றினால் பல்சக்கரம் தேயும், நிறுத்திவிட்டு மாற்றுங்கள். விசைக்கு மேலே இடமும் வலமும் தள்ளும் பொத்தான் திசையை மாற்றுவது. அதை நடுவில் வைத்தால் விசை அழுந்தாது. பிட் மாற்றும்போதும் ஏணி ஏறும்போதும் பையில் வைக்கும்போதும் அது நடுவில் இருக்கட்டும். பெரிய பிட் மாற்றும்போது பேட்டரியையே கழற்றிவிடுவது இன்னும் நல்லது.

ஒரு கையால் சக்கைப் பிடித்து, மறு கையால் மோட்டாரை ஓடவிட்டு பிட் இறுக்குவதை எல்லாப் பட்டறையிலும் பார்க்கலாம். பார்ப்பதற்கு வேகமான வேலைக்காரர் போலத் தோன்றும். உள்ளங்கைத் தோல் உரிவதும் பிட் கோணலாக மாட்டுவதும் அதனால்தான். கையாலேயே இறுக்குங்கள், மூன்று தாடையும் பிட்டைச் சமமாகக் கவ்வியதா என்று பாருங்கள், காற்றில் ஒருமுறை ஓடவிட்டு முனை ஆடுகிறதா என்று கவனியுங்கள்.

மணிக்கட்டை முறிக்கும் கணக்கு

பெட்டியின் மேல் 50 நியூட்டன் மீட்டர், 60 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருப்பார்கள். பிட் சட்டென்று சிக்கி நின்றால், பிட்டுக்குப் பதிலாகக் கருவியே சுற்றப் பார்க்கும். 50 நியூட்டன் மீட்டர் கருவியை பிட்டின் அச்சிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்திருந்தால், அந்த நொடியில் கையில் இறங்குவது சுமார் 50 கிலோ எடைக்குச் சமமான விசை. பக்கவாட்டுக் கைப்பிடியைப் பூட்டி 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் அது 25 கிலோவாகப் பாதி குறையும். பெட்டியோடு வரும் அந்தக் கைப்பிடியைப் பலர் பிரிப்பதே இல்லை. 10 மி.மீ.க்கு மேற்பட்ட துளை, ஹோல்சா, இரும்புத் தகடு என்றால் அது இல்லாமல் தொடங்காதீர்கள்.

பிட் சிக்குவது பெரும்பாலும் துளை மறுபக்கம் வெளியேறும் கணத்தில்தான். அதுவரை அழுத்திய கையை அங்கே தளர்த்த வேண்டும், வேகத்தையும் குறைக்க வேண்டும். சத்தம் மாறுவதைக் காது பழகிவிட்டால் அந்தக் கணம் முன்கூட்டியே தெரியும். பலகைக்குப் பின்னால் வீணான மரத்துண்டை முட்டுக் கொடுத்தால் மறுபக்கம் சிராயும் பெயராது.

சிறிய தகட்டை இடது கையில் பிடித்துக்கொண்டு துளை போடுவதைத்தான் எல்லாவற்றிலும் மோசமான பழக்கம் என்று சொல்வேன். தகடு சிக்கிச் சுழன்றால் அதன் ஓரம் விரலை அறுத்துவிடும். சி-கிளாம்ப் இரண்டு எப்போதும் பையில் இருக்கட்டும். கிளாம்ப் பூட்ட அரை நிமிடம் ஆகும்.

உடையையும் கவனியுங்கள். லுங்கி நுனி, துப்பட்டா, அவிழ்ந்த தலைமுடி, கழுத்துச் சங்கிலி எதுவும் சுற்றும் பிட்டுக்குப் பக்கத்தில் வரக் கூடாது. கோயிலில் கட்டிய கைக்கயிறும் அப்படித்தான். சிக்கினால் அறுந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நைலான் கலந்த கயிறு அறாது, கையைத்தான் இழுத்துப் போகும். வேலை நேரத்தில் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கையுறையும் இதே காரணத்தால் துளை போடும்போது வேண்டாம். கூரான தகட்டைத் தூக்கும்போது போட்டுக்கொண்டு, டிரில்லைத் தொடும்முன் கழற்றிவிடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் எப்போதும் வேண்டும். தலைக்கு மேல் துளை போடுகிறவருக்கு அது இல்லாமல் வேலையே கிடையாது.

கட்டியிருக்கும் படகு ஓயாமல் ஆடும். பக்கத்தில் இன்னொரு படகு நகர்ந்தாலே தளம் ஒரு சாய்வு சாயும். 3 மி.மீ. பிட் ஒடிவது அந்தச் சாய்வில்தான். காலை அகட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி, உடம்போடு சேர்ந்து கருவியும் ஆடும்படி நில்லுங்கள். படகு விளிம்பில் வேலை என்றால் கருவியின் கைப்பிடியில் கயிறு கட்டி எங்காவது முடிந்துவையுங்கள்.

ஃபைபரும் எஸ்.எஸ்.ஸும்

ஃபைபர் படகில் துளை போடுவது மரத்தில் போடுவது போல வராது. மேலே இருக்கும் பளபளப்பான ஜெல்கோட் கண்ணாடி மாதிரி விரிசல் விடும். துளை வரும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் குறி போடுங்கள். முதல் சில நொடிகள் பிட்டை ரிவர்ஸில் மெதுவாக ஓடவிடுங்கள். ஜெல்கோட் சிதறாமல் வட்டமாகத் தேய்ந்து வழிவிடும். பிறகு முன்திசையில் துளையை முடித்து, வாயைக் கவுண்ட்டர்சிங்க் பிட்டால் லேசாகச் சரித்துவிடுங்கள். திருகு இறுகும்போது விரிசல் ஓடாமல் இருப்பது இந்தச் சரிவால்தான்.

துளை போட்டதோடு வேலை முடியாது. துளையின் உட்சுவரில் ரெசினோ சீலன்ட்டோ பூசாமல் திருகு போட்டால், உள்ளே வைத்த பிளைவுட்டில் தண்ணீர் ஏறும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. உள்ளே மரம் உளுத்து, திருகு பிடி விடும்போதுதான் தெரியவரும். அப்போது திட்டு வாங்குவது பொருத்தியவர்.

ஃபைபர் தூள் கண்ணாடி இழைத் தூள். வாயில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது, என்-95 வகை முகக்கவசம் வேண்டும். வேலை முடிந்ததும் கையைத் தேய்க்காமல் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். தேய்த்தால் இழை தோலுக்குள் ஏறி இரவெல்லாம் அரிக்கும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். ஃபைபர் வேலை நடக்கும் இடத்தில் அசிட்டோன் டப்பா திறந்திருக்கும், பெயிண்ட் வேலை என்றால் தின்னர். கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் ஓடும்போது உள்ளே பொறி பறக்கும். பிரஷ்லெஸ் மோட்டாரிலும் சுவிட்சும் பேட்டரி முனையும் இருக்கின்றன. காற்றோட்டமில்லாத கேபினுக்குள்ளோ இன்ஜின் அறையிலோ அந்த வாடை இருந்தால் எந்த டிரில்லையும் ஓட்டாதீர்கள். டப்பாவை மூடி வெளியே வைத்து, காற்று வரவிட்டு, வாடை போன பிறகு தொடங்குங்கள். சமையல் கேஸ் சிலிண்டர் இருக்கும் படகிலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில் பிட் இறங்கவில்லை என்றால் நாம் வேகத்தைக் கூட்டுவோம். அதுதான் தப்பு. வெட்டாமல் வெறுமனே உரசினால் எஸ்.எஸ். அந்த இடத்தில் இன்னும் கடினமாகும், பிட் முனை நீலம் பாய்ந்து வீணாகும். கியர் 1, குறைந்த வேகம், விடாத அழுத்தம், ஒரு சொட்டு கட்டிங் ஆயில், கோபால்ட் கலந்த பிட். வேலை சரியாக நடந்தால் சுருள் சுருளாக உலோகம் வரும், பொடியாக வந்தால் எங்கோ தப்பு. துளைக்கு முன் சென்டர் பஞ்சால் ஒரு தட்டுத் தட்டினால் பிட் வழுக்காது. கடலுக்குப் போகும் பொருளில் 304-ஐவிட 316 தர எஸ்.எஸ். திருகு உப்பைத் தாங்கும். விலை கூடுதல் என்று படகுக்காரர் தயங்கினால் காரணத்தைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

ஊருக்குள் சுவர் வேலை

படகு வேலை இல்லாத மாதங்களில் இதே கருவியோடு ஊருக்குள் கர்ட்டன் கம்பி, கேமரா, அலமாரி மாட்டப் போகிறோம். புதுச்சேரியின் பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியில் பழைய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டியவை. அங்கே ஹாமர் வசதியைப் போட்டால் பூச்சு பாளம் பாளமாக விழும். ஹாமர் இல்லாமல், சிறிய பிட்டில் தொடங்கி மெதுவாகப் பெரிதாக்குங்கள். காரை உதிர்ந்து பிளக் நிற்காத இடத்தில் செங்கல் நடுவே இடம் தேடுங்கள். புதிய வீட்டில் கான்கிரீட் பீம் வந்தால் கார்ட்லெஸ் டிரில்லோடு மல்லுக்கட்ட வேண்டாம், ரோட்டரி ஹாமரை வாடகைக்கு எடுங்கள்.

சுவருக்குள் ஓடும் வயரில் இருப்பது 230 வோல்ட். கையில் உள்ள பேட்டரிக் கருவி அதிலிருந்து காப்பாற்றாது. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் துளை போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் மெயினை அணைக்கச் சொல்லுங்கள். கருவியின் ரப்பர் பிடியை மட்டும் பிடியுங்கள்.

பேட்டரி

பேட்டரி டிரில்லை பிளாக் அண்ட் டெக்கர் 1961-ல் கொண்டுவந்தது நிக்கல் காட்மியம் பேட்டரியோடு. இன்று கையில் இருப்பது லித்தியம் அயான். அதை உருவாக்கியதற்காக மூன்று அறிவியலாளர்களுக்கு 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. லேசானது, பலம் அதிகம், வெயிலும் உப்பும் மட்டும் ஆகாது.

சித்திரை வெயிலில் தளத்தில் வைத்த பேட்டரியைத் தொட்டால் சுடும். அந்தச் சூட்டோடு சார்ஜரில் போடாதீர்கள். 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது, நிழலில் ஆறவிட்டுப் போடுங்கள். சார்ஜர் 230 வோல்ட்டில் ஓடுவது, ஆகவே அது படகுக்குப் போகவே வேண்டாம். கரையில், காய்ந்த இடத்தில், கண் பார்வையில் இருக்கட்டும். கழற்றிய பேட்டரியை ஆணியும் திருகும் கிடக்கும் பையில் வீசாதீர்கள். இரு முனையையும் ஓர் ஆணி தொட்டால் ஷார்ட் ஆகும்.

பேட்டரி கடல் தண்ணீரில் விழுந்துவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள். துடைத்துக் காயவைத்து மறுபடி போட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே போன உப்பு சில மணி நேரம் கழித்துக்கூட ஷார்ட் ஆக்கித் தீ வைக்கும். வீட்டுக்கு எடுத்துப் போகாமல் திறந்த இடத்தில், எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாமல் வைத்து, விற்ற கடைக்கோ சர்வீஸ் சென்டருக்கோ சொல்லுங்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு.

கருவியை உப்புக் காற்றிலிருந்து காப்பது எளிது. நாள் முடிவில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு முறை. மோட்டாரின் காற்றுத் துளைகளில் அடைந்த தூளை பிரஷால் தட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை சக்கின் தாடைகளில் துளி எண்ணெய். மாதக்கணக்கில் வேலை இல்லை என்றால் பேட்டரியைப் பாதி சார்ஜில் வையுங்கள். முழுதாகத் தீர்த்துவிட்டு மூலையில் போட்டால் திரும்ப எழாமலே போகலாம்.

வாங்கும்போதும் தொழிலிலும்

18 வோல்ட் என்றும் 20 வோல்ட் என்றும் இரண்டு பெட்டி காட்டுவார்கள். இரண்டிலும் 3.6 வோல்ட் செல் ஐந்துதான். முழு சார்ஜில் அளந்தால் 20, வேலையில் 18. கம்பெனிப் பெயர் தெரியாத கருவியில் 48, 88 என்று பெரிதாகப் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். கிச்சன், கேமரா, எலக்ட்ரிக்கல் வேலைக்கு 12 வோல்ட் போதும், கையும் வலிக்காது. படகு வேலைக்கு 18 வோல்ட், 13 மி.மீ. சக், பக்கவாட்டுக் கைப்பிடி, இரண்டு பேட்டரி. ஊருக்குள் சர்வீஸ் இருக்கிற கம்பெனியாகப் பாருங்கள். மிச்சமாகும் காசை நல்ல பிட்டுகளில் போடுங்கள். மழுங்கிய பிட் எவ்வளவு விலையுயர்ந்த டிரில்லையும் தோற்கடித்துவிடும்.

வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போகிறவர்கள் கருவியைச் செக்-இன் பெட்டியிலும், கழற்றிய பேட்டரியைக் கைப்பையிலும் எடுத்துப் போக வேண்டும். முனைகளில் டேப் ஒட்டியிருக்க வேண்டும். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரி 90 வாட்-மணி, அனுமதி உண்டு. 6 ஆம்பியர்-மணி என்றால் 108 ஆகிவிடும். 100-ஐத் தாண்டியதற்கு விமான நிறுவனத்திடம் முன்பே கேட்டாக வேண்டும்.

கருவி வாங்கக் கையில் பணம் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய மத்திய அரசின் பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள் உள்ளன. தச்சர், படகு செய்பவர், கொத்தனார் மூவரும் அதில் அடக்கம். அடிப்படைப் பயிற்சிக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவி வாங்க 15,000 ரூபாய் வரை மின்-வவுச்சர், பிறகு 5 சதவீத வட்டியில் முதலில் ஒரு லட்சம், அடுத்து இரண்டு லட்சம் வரை கடன். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும், அரசு ஊழியர் குடும்பத்துக்குக் கிடையாது. பதிவு பொதுச் சேவை மையங்களில் நடக்கிறது. அப்பாவோடு படகு வேலைக்குப் போய்க் கை பழகிய பிள்ளைகள் ஆதார் அட்டையையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்துக்கொண்டு பக்கத்து மையத்தில் உடனே விசாரியுங்கள்.